கப்பல்ல கிடைச்ச தங்கக் காசு... வாங்கலாமா?

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் வந்து, "மூழ்கிப்போன கப்பல்ல எடுத்த தங்கக் காசு, பாதி விலைக்குத் தர்றேன்"னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

இப்படிப்பட்ட காசுகள் நிஜமாவே இருக்கு. 1857-ல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் புயலில் மூழ்கிய 'சென்ட்ரல் அமெரிக்கா' கப்பலை 1988-ல் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கில் தங்கக் காசுகளை எடுத்தார்கள். உப்புத் தண்ணீர் தங்கத்தை அரிக்காது. அதனால் கடலில் கிடந்ததா, வேறெங்கோ இருந்ததா என்று காசைப் பார்த்து மட்டும் சொல்வது கஷ்டம். சேகரிப்பவர்கள் தங்கத்தின் எடைக்கு மேல் கொடுக்கும் விலை, கூட வரும் சான்றிதழுக்குத்தான். எந்தக் கப்பல், யார் எடுத்தது, யார் சோதித்தது? இந்தப் பேப்பர் இல்லையென்றால் அது வெறும் தங்கம். அதுவும் தங்கமாக இருந்தால்!

நூறு வருஷத்துக்கு மேல் பழைய காசு விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு, 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அதையும் கேளுங்க.

சரி, "தோட்டத்துல தோண்டினப்போ கிடைச்சது"ன்னு சொன்னா? 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். (ஆமாம், இன்னும் அதே பத்து ரூபாய்தான்.) மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணுக்கடியில் கிடைத்த 505 தங்கக் காசுகளும் அதிகாரிகள் கைக்குத்தான் போயின.