வீட்டு நாயும் வெறிநாய்க்கடித் தடுப்பும்

நாய் வளர்க்க விரும்பும் அன்னவாசல் பகுதிக் குடும்பத்தினர் முதலில் நம் ஊர் வெயிலை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பூடில், ஐரோப்பாவில் நீர்ப்பறவை வேட்டைக்குப் பழக்கப்பட்ட அறிவுமிக்க இனம். அதன் முடி அதிகம் உதிராது. ஆனால் இடைவிடாது வளரும். அடிக்கடி சீவி, அளவாக வெட்டிவிடாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்ட இராசபாளையம் நாயும், சிப்பிப்பாறை நாயும் குறுமுடி கொண்டவை. நம் வெப்பத்திற்குப் பழகியவை. எனினும் வேட்டையினங்களாதலால் ஓடுவதற்கு இடம் வேண்டும்.

எவ்வினமாயினும், குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கி, கால்நடை மருத்துவர் கூறும்படி தொடருங்கள்.

‘நம் வீட்டு நாய்தானே’ என்று சிறு கீறலையும் புறக்கணிக்கலாகாது. கடியோ கீறலோ பட்டவுடன், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் தடவாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்; காயம் ஆறிவிட்டாலும் ஊசித் தவணைகளை இடையில் நிறுத்தாதீர்கள். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர்காப்பது மிக அரிது. அதற்கு முன் தடுப்பது நம் கையில் உள்ளது.