நால்வருக்கு ஐந்து டிக்கெட்

ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் வெளியூர்க் கச்சேரிக்கு விமானம் ஏறினால் ஐந்து டிக்கெட் எடுக்க வேண்டும். வாசிப்பவர்கள் நான்கே பேர்: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஐந்தாவது டிக்கெட் செல்லோவுக்கு. வயலினையும் அதைவிடச் சற்றே பெரிய வயோலாவையும் தலைக்கு மேலே வைத்துவிடலாம். செல்லோ அப்படி அடங்காது; பெட்டியோடு சேர்த்தால் நாலடிக்கு மேல் உயரம். அதைச் சரக்கோடு சரக்காகக் கீழே அனுப்பக் கலைஞருக்கு மனம் வராது. ஆகவே அது பெரும்பாலும் சன்னலோரத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வரும். சாப்பாடு மட்டும் கேட்காது.

லின் ஹாரெல் என்ற அமெரிக்கச் செல்லோ கலைஞர், முழுக் கட்டணம் கட்டுகிறோமே என்று தன் செல்லோவின் பெயரிலும் மைலேஜ் கணக்கு வைத்திருந்தார். 2012இல் விமான நிறுவனம் விழித்துக்கொண்டு செல்லோவின் கணக்கை மூடியது. கூடவே அவருடையதையும் மூடிவிட்டது.

இவ்வளவு சிரமப்பட்டு இவர்கள் ஏன் ஊர் ஊராக அலைகிறார்கள்? இவர்கள் வாசிக்கும் சேம்பர் மியூசிக் என்பது பெரிய ஆர்கெஸ்ட்ரா இல்லாமல், ஒரு பகுதிக்கு ஒருவர் என்று சிலர் மட்டும் கூடி வாசிக்கும் மேற்கத்திய இசை. கோல் அசைத்து நடத்துபவர் கிடையாது. வீட்டுக்கூடத்துக்காகப் பிறந்த இசை என்பதால் சில நூறு பேர் உட்காரும் அரங்குதான் அதற்குப் பொருத்தம். ஒரே ஊரில் அதே சில நூறு பேரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு எத்தனை கச்சேரி செய்ய முடியும்? ரசிகர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடப்பதால் குழுதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். ஜெர்மனியின் முல்லர் சகோதரர்கள் நால்வரும் 1830களிலேயே இப்படிக் கிளம்பிவிட்டார்கள். அந்த நாட்டில் முதல் ரயில் ஓடியதே 1835இல்தான்.

பணக் கணக்கு எளியது, கொஞ்சம் கசப்பானதும்கூட. அரங்கத்தார் ஒரு தொகை பேசுவார்கள். அதில் ஏஜென்டின் கமிஷன் போக, ஐந்து டிக்கெட்டும் நான்கு அறை வாடகையும் போக, மிஞ்சுவதை நாலாகப் பங்கிட வேண்டும். பல குழுக்கள் ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக ஒண்டிக்கொள்வது அதனால்தான். மாதச் சம்பளம் அங்கே, கச்சேரி சாலையில்.

போய்ச் சேர்ந்த நாளில் ஊர் சுற்றிப் பார்க்க நேரமிருக்காது. மாலையில் அரங்குக்குப் போய் வாசித்துப் பார்ப்பார்கள். வாசிக்கத் தெரியுமா என்று சோதிப்பதற்காக அல்ல. அரங்கம் எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பதற்காக. கல் கட்டடத்தில் ஒலி தங்கி எதிரொலிக்கும், அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். கம்பளமும் திரைச்சீலையும் உள்ள அரங்கில் ஒலி செத்துவிடும், அங்கே வில்லை இன்னும் அழுத்த வேண்டும். ஒருவர் கீழே இறங்கிக் கடைசி வரிசை வரை நடந்து கேட்டுவிட்டு வருவார். பிறகு நாற்காலிகளை அரை அடி நகர்த்துவார்கள். மூன்று நாளில் மூன்று அரங்கம் என்றால் மூன்று முறையும் இதே வேலை.

மரத்துக்கு வானிலை ஆகாது. குளிர்நாடுகளில் ஹீட்டர் போட்ட அறையின் காற்று காய்ந்து போயிருக்கும். மரம் சுருங்கும், பசை விட்டுப் பலகை வாய்திறக்கும், சில சமயம் விரிசலும் விழும். அதற்காகவே வாத்தியத்தின் உள்ளே ஈரக்குழாய் ஒன்றைச் செருகி வைப்பார்கள். நம்மூர் மழைக்காலத்தில் வீணை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை வேறொரு திசையிலிருந்து வரும்.

வில்லுக்கு வேறொரு தலைவலி. நல்ல வில் பிரேசில் நாட்டுப் பெர்னாம்புகோ மரத்தில் செய்வது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் அந்த மரம் 2007இல் சேர்ந்தது. பழைய வில்களில் நுனியில் யானைத்தந்தமோ, அடிக்கட்டையில் ஆமையோடோ இருக்கலாம். அதனால் வாத்தியத்துக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு சான்றிதழ் உண்டு; அதிகபட்சம் மூன்று ஆண்டு செல்லும். அப்படிப்பட்ட வில்லோடு இந்தச் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டப் போனால் அதைச் சுங்கத்தில் விட்டுவிட்டு நிற்க வேண்டி வரலாம்.

இத்தனையும் சமாளித்துவிடலாம். என் கணிப்பில் மிகக் கடினமானது மற்ற மூன்று பேர்தான். நம்மூர்க் கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் மேடையிலேயே முதன்முறை சந்தித்துக்கொள்வதும் உண்டு. குவார்டெட்டில் அதே நாலு முகம், பத்து, இருபது, நாற்பது ஆண்டு. கல்யாணத்தைவிட நெருக்கம், ஆனால் அன்பு கட்டாயமில்லை.

1917இல் தொடங்கிய புடாபெஸ்ட் குவார்டெட் இதை முதலிலேயே யோசித்து விதி போட்டது. இசை, பணம் எதிலும் தகராறு வந்தால் ஓட்டு. சமமாகப் பிரிந்தால் பழையபடியே தொடரும். சம்பளம் எல்லாருக்கும் ஒன்று, முதல் வயலினுக்கும் கூடுதல் இல்லை. ஒத்திகைக்கும் பேச்சுவார்த்தைக்கும் மனைவி, காதலி யாரும் வரக்கூடாது. கடைசி விதியைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பெயர் ஐம்பது ஆண்டு ஓடியது. இத்தனைக்கும் 1936க்குள் உறுப்பினர்கள் நால்வரும் மாறிப்போய், புடாபெஸ்ட் என்ற பெயரில் வாசித்தவர்கள் அனைவரும் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்களாக இருந்தார்கள். 1940 முதல் இருபது ஆண்டுக்கு மேல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் ஆஸ்தானக் குழுவாக இருந்தபோது அங்குள்ள ஸ்ட்ராடிவரி வாத்தியங்களில் வாசித்தார்கள். அவை நூலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது நன்கொடையாளரின் ஏற்பாடு. வெளியூர் போனால் சொந்த வாத்தியம்தான்.

1964இல் தொடங்கிய அமெரிக்கக் குவார்னெரி குவார்டெட்டின் தந்திரம் இன்னும் எளியது: மேடைக்கு வெளியே விலகியே இருப்பது. பயணத்திலும் விடுதியிலும் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இது வெறுப்பு அல்ல, சிக்கனம். பேசிப் பேசித் தீர்க்க வேண்டியதையெல்லாம் ஒத்திகையில் பேசியாகிவிட்டது. மிச்ச நேரத்தை மிச்சமாகவே விட்டுவிட்டார்கள்.

ஆள் போய்விட்டால் என்ன செய்வது என்பதில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தின் அமாடியஸ் குவார்டெட்டில் மூவர் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஆஸ்திரிய யூதர்கள். அவர்களில் இருவர் ஒருவரையொருவர் சந்தித்ததே பிரிட்டிஷ் தடுப்பு முகாமில். நாற்பது ஆண்டு அதே நால்வர். 1987இல் வயோலா கலைஞர் பீட்டர் ஷிட்லோஃப் இறந்ததும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். குவார்னெரியில் செல்லோ வாசித்த டேவிட் சோயர் 2001இல் விலகியபோது அந்த நாற்காலி அவருடைய மாணவர் பீட்டர் வைலிக்குப் போனது. வைலி ஏற்கெனவே போஸார் ட்ரையோ என்ற மூவர் குழுவில் ஆண்டுக்கணக்காகச் சுற்றியவர்; பெட்டி கட்டுவதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.