கோப்பி ஆறுவதற்குள் மீண்ட கணினி

ஞாயிற்றுக்கிழமை தேக்கா நிலையத்தில் பசியாறிவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். திரை கறுப்பு. முதல்நாள் இரவு செய்த புதுப்பிப்பில், வரைகலை அட்டையை இயக்கும் டிரைவர் படுத்துவிட்டது. திங்கட்கிழமை வேலையிடத்தில் காட்டவேண்டிய வரைபடங்கள் அதற்குள்தான். சரிசெய்வதற்குள் மாலையாகிவிட்டது.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால் லினக்ஸுக்கு மாறியவன் நான். புதுக் கணினி வாங்க மனமில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட ‘புளூஃபின்’னைப் பொருத்தினேன்.

இதில் அடிப்படைக் கோப்புகள் பூட்டப்பட்டவை. செயலிகள் அவற்றைத் தொடமுடியாது. கெர்னலும் டிரைவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி முன்பே இணைக்கப்பட்டு, ஒரே தொகுப்பாக வரும். தேக்கா சந்தையில் “மீன்கறிக்கு” என்றால் கடைக்காரரே மசாலாவை அளவாகக் கலந்து கட்டித் தருவாரே, அப்படி! என்விடியா அட்டைக்கெனத் தனிப் பதிப்பு உண்டு, பார்த்து இறக்குங்கள்.

புதிய தொகுப்பு வந்தாலும் முந்தையது அழிவதில்லை. கோளாறென்றால், கணினி தொடங்கும்போது பட்டியலில் முந்தையதைத் தேர்ந்தெடுக்கலாம். நம் படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும். ஆனால் வட்டே பழுதானால் இது கைகொடுக்காது. தனிப் பிரதி அவசியம்.

ஒருநாள் வேண்டுமென்றே முந்தைய தொகுப்புக்குத் திரும்பிப் பார்த்தேன். மேசையில் வைத்த கோப்பி ஆறவில்லை, வரைபடம் திரைக்கு வந்துவிட்டது.