கைக்குழந்தைகளும் கல்விப் படங்களும்

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பெற்றோர் யாவரும் ஒரே கருத்துடையராய் இருந்த காலம் ஒன்று உண்டோவெனின், இல்லையென்றே கூறல் வேண்டும். பாலூட்டும் வேளை முதற்கொண்டு பள்ளிக்கு அனுப்பும் வயது ஈறாக ஒவ்வொன்றிலும் தாய்க்கு ஒரு கருத்தும், தந்தைக்கு ஒரு கருத்தும், பாட்டிக்கு மற்றொரு கருத்தும் இருத்தல் எந்நாட்டிலும் இயல்பே. சென்ற முப்பது ஆண்டுகளுக்குள் இவ்வழக்குகளோடு புதியதொரு வழக்கும் சேர்ந்துள்ளது. இன்னும் பேச்சு வாராத கைக்குழந்தைக்கு அறிவூட்டும் பொருட்டுத் திரையில் படம் காட்டலாமா, ஆகாதா என்பதே அது. இவ்வழக்கு மிகுந்த ஆரவாரத்தோடு நடந்த இடம் அமெரிக்கா. அங்கு இரு திறத்தாரும் கூறியன யாவை, ஆராய்ச்சியாளர் கண்டன யாவை, அவற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது என்பவற்றை ஒருவாறு ஈண்டு விளக்க முயல்வோம்.

இவ்வகைப் படங்களுள் பெயர் பெற்றது ‘பேபி ஐன்ஸ்டீன்’ என்பதாகும். முன்னர் ஆசிரியத் தொழில் புரிந்த ஜூலி அய்க்னர்-கிளார்க் என்னும் அம்மையார், தம் மகளை வளர்த்துவந்த நாளில், ஜார்ஜியா மாநிலத்திலிருந்த தம் வீட்டிலேயே 1996ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கினார். படத்தில் கதை யாதும் இல்லை. வண்ண விளையாட்டுப் பொருள்கள் மெல்ல அசையும். மெல்லிய இசை ஒலிக்கும். தாய்மார் சிலர் பல மொழிகளில் எண்களையும் எழுத்துக்களையும் சொல்லுவர். இச்சிறு முயற்சி விரைவிற் பெருகிற்று. 2001ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி கம்பெனியார் இதனை விலைக்கு வாங்கினர். 2003ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, அமெரிக்காவில் ஆறு திங்கள் முதல் இரண்டாண்டு வரையுள்ள குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இப்படங்களுள் ஒன்றையேனும் உடையராயிருந்தனர்.

பெற்றோர் இவற்றை இத்துணை விரும்பி வாங்கியதற்குக் காரணம் என்னை? ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது’ என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்துப் பெற்றோர் அனைவர்க்கும் பொதுவானது. அவ்வெண்ணத்திற்கு விஞ்ஞானத்தின் பெயரால் ஓர் ஊக்கமும் அந்நாளிற் கிடைத்தது. 1993ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் கிளையில் 36 மாணவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. மோட்சார்ட் என்னும் இசைப் புலவரின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், உருவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் காணும் ஒருவகைத் தேர்வில் அவர்கள் சற்று மேம்பட்டனர். அம்மேம்பாடு கால்மணி நேரத்திற்கு மேல் நிலைக்கவில்லை. பரிசோதிக்கப்பட்டோர் கல்லூரி மாணவர். அவருள் கைக்குழந்தை ஒன்றேனும் இல்லை. ஆயினும், செய்தி வாய்க்கு வாய் பரவியபோது, அவ்விசை குழந்தையின் அறிவை வளர்க்கும் என்பதாக உருமாறிவிட்டது. 1998ஆம் ஆண்டில் ஜார்ஜியாவின் கவர்னர் செல் மில்லர், தம் மாநிலத்திற் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றிற்கும் ஓர் இசைத்தட்டு வழங்க 105,000 டாலர் வேண்டுமென்று சட்டசபையைக் கேட்டார். ஆட்சியாளரே இங்ஙனம் நம்பியிருக்கப் பெற்றோர் நம்பியதில் வியப்பில்லை.

இனிப் பெற்றோர்தம் கருத்துக்களைக் காண்போம். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன், மின்னசோட்டா என்னும் இரு மாநிலங்களில் 1,009 பெற்றோரைத் தொலைபேசி வாயிலாக வினவி, அதன் முடிவை மறு ஆண்டு வெளியிட்டனர். மூன்று திங்கட் குழந்தைகளுள் நூற்றுக்கு 40 பேர் ஒழுங்காகத் திரை பார்ப்பவராயிருந்தனர். இரண்டாண்டு நிரம்பியோருள் அத்தொகை 90 ஆயிற்று. காரணம் யாதென வினவியபோது, நூற்றுக்கு 29 பேர் ‘குழந்தையின் அறிவிற்கு நல்லது’ என்றனர். 23 பேர் ‘குழந்தை விரும்பி மகிழ்கின்றது’ என்றனர். 21 பேர் ‘எம் வேலையைச் செய்துகொள்ளச் சிறிது பொழுது வேண்டும்’ என்றனர்.

இம்மூன்று விடைகளையும் நாம் வேறு வேறாகப் பிரித்து நோக்கல் வேண்டும். முதலாவது, கல்வியைப் பற்றிய நம்பிக்கை. இரண்டாவது, குழந்தையின் மகிழ்ச்சியைப் பற்றியது. மூன்றாவது, பெற்றோரின் களைப்பைப் பற்றியது. படங்களை வெறுக்கும் பெற்றோரோ, குழந்தை மண்ணிலும் மடியிலும் விளையாடிக் கற்க வேண்டிய பொழுதைத் திரை திருடிக்கொள்கின்றது என்பர். 1999ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், இரண்டாண்டு நிரம்பாத குழந்தைகட்குத் தொலைக்காட்சி வேண்டாவென்று அறிவுரை கூறியதைச் சான்றாகக் காட்டுவர். இங்ஙனம் ஒரு திறத்தார் களைப்பைப் பேச, மற்றொரு திறத்தார் கல்வியைப் பேசுவதால், பல வீடுகளில் வழக்குத் தீராமலே நிற்கின்றது.

2007ஆம் ஆண்டில் இவ்வழக்குப் பத்திரிகைகளில் ஏறிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிம்மர்மன், கிறிஸ்டாகிஸ், மெல்ட்சாப் என்னும் மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். எட்டு முதல் பதினாறு திங்கள் வரையுள்ள குழந்தைகளுள், நாடோறும் இத்தகைய படங்களைப் பார்ப்போர், பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவாக அறிந்திருந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. பதினேழு திங்களுக்கு மேற்பட்டோரிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. டிஸ்னி கம்பெனியின் தலைவர் ராபர்ட் ஐகர், அப்பல்கலைக்கழகம் இதுபற்றி வெளியிட்ட அறிக்கையைத் திரும்பப் பெறவேண்டுமென்று கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத் தலைவர் அதற்கு இசையவில்லை.

ஈண்டு நடுவுநிலையில் நின்று ஒன்று கூறுதல் கடமையாகும். இரண்டு பொருள்கள் ஒருங்கே காணப்படுதல் ஒன்று; ஒன்றால் மற்றொன்று விளைதல் வேறொன்று. பேச்சுத் தாமதிக்கும் குழந்தையின் பெற்றோரே கவலையுற்று இப்படங்களை மிகுதியாக வாங்கியிருத்தலும் கூடும். 2014ஆம் ஆண்டில் பெர்குசன், டானெல்லன் என்னும் இருவர் அதே கணக்குக்களை மீண்டும் ஆராய்ந்து, முன்னையோர் கூறிய தொடர்பு உறுதியாக நிற்கவில்லை என்றனர். ஆகவே, இப்படங்கள் குழந்தையின் பேச்சைக் கெடுத்தன என்று எவரேனும் அறுதியிட்டுக் கூறுவாராயின், அது சான்றிற்கு மிஞ்சிய கூற்றாகும்.

கெடுதி உறுதிப்படவில்லையெனின், நன்மையேனும் உறுதிப்பட்டதா? ஜூடி டிலோச் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறும். பன்னிரண்டு முதல் பதினெட்டுத் திங்கள் வரையுள்ள 72 குழந்தைகளை அவர் நான்கு கூட்டமாகப் பகுத்தார். ஒரு கூட்டத்தார், சொற்களைக் கற்பிக்கும் படம் ஒன்றைத் தனியே பார்த்தனர். ஒரு கூட்டத்தார் பெற்றோருடன் இருந்து பார்த்தனர். மூன்றாங் கூட்டத்தார்க்குப் படமே இல்லை. அப்படத்திலுள்ள சொற்களை நாள்நடப்பினூடே சொல்லிக்கொடுக்குமாறு பெற்றோர் பணிக்கப்பட்டனர். நான்காங் கூட்டத்தார்க்குப் படமும் இல்லை, பாடமும் இல்லை. நான்கு வாரம் சென்றபின் தேர்ந்து பார்த்தபோது, படம் பார்த்த குழந்தைகள், ஒன்றும் செய்யப்பெறாத நான்காங் கூட்டத்தாரினும் மிகுதியாகக் கற்றிலர். மிகுதியாகக் கற்றோர், பெற்றோர் வாயாற் கேட்ட மூன்றாங் கூட்டத்தாரே.

இவ்வாராய்ச்சியில் மற்றொன்றும் வெளிப்பட்டது. நம் வழக்கிற்கு அதுவே உயிர்நாடி போன்றது. படத்தைத் தாம் விரும்பிய பெற்றோர், தம் குழந்தை அதனால் மிகுதியும் கற்றதாக மதிப்பிட்டனர். குழந்தை உண்மையிற் கற்ற அளவிற்கும் பெற்றோர் மதிப்பிற்கும் பொருத்தம் இல்லை. குழந்தை ஓராண்டிலிருந்து இரண்டாண்டிற்குள் நாடோறும் புதுச் சொற்களைத் தானே கற்றுக்கொண்டு வருவது. அவ்வேளையில் அருகில் ஓடிக்கொண்டிருந்த படத்திற்குப் பெற்றோர் அப்பெருமையை அளித்துவிடுகின்றனர். சேவல் கூவியதால் விடிந்தது என்று கொள்வாரை இஃது ஒக்கும். ‘எம் குழந்தை இதனாலேயே கற்றது’ என்று அன்புடைய ஒரு தாய் கூறும்போது அவர் பொய் கூறுகின்றாரல்லர். ஆயின் அவர் கூற்றுச் சான்றும் ஆகாது.

திரை கற்பிக்க இயலாததை மடி கற்பிப்பது எங்ஙனம்? இதனை மொழியொலிகளைக் கொண்டு விளக்கலாம். நம் ‘த’கரத்திற்கும் ‘ட’கரத்திற்கும் உள்ளதைப் போன்ற வேறுபாடு இந்தி மொழியிலும் உண்டு, ஆங்கிலம் மட்டும் பேசுவோர் செவிக்கு அவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றே. ஜானெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் கனடா நாட்டில் நடத்தி 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆங்கிலக் குடும்பத்து ஆறு, ஏழு திங்கட் குழந்தைகள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்ந்தன. ஓராண்டு நிரம்பும் தறுவாயில் அவ்வாற்றல் மங்கிற்று. வீட்டில் வழங்கும் மொழிக்கு ஏற்பச் செவி தன்னைத் திருத்திக்கொள்ளும் பருவம் அதுவே.

பாட்ரீசியா கூல் என்பார் இப்பருவத்தைக் கொண்டே மற்றொரு பரிசோதனை செய்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒன்பது திங்கள் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் அமர்ந்து, படித்தும் விளையாடியும் பழகினர். அக்குழந்தைகள் சீன மொழிக்குரிய ஒலி வேறுபாட்டை உணரக் கற்றன. வேறு சில குழந்தைகட்கு அதே மனிதரை, அதே பொருள்களோடு, அதே அளவு நேரம் திரையிற் காட்டினர். அக்குழந்தைகள் யாதுங் கற்கவில்லை. சொல் ஒன்றே, குரல் ஒன்றே, நேரம் ஒன்றே. குறைந்தது, எதிரிலிருக்கும் மனிதர் ஒருவரே.

அம்மனிதரிடம் உள்ளது யாது? குழந்தை நோக்கும் திசையை அவர் நோக்குவர். அது ‘ஊ’ என்றால் அவரும் ‘ஊ’ என்பர். அது முகஞ்சுளித்தால் நிறுத்துவர். சிரித்தால் மீண்டும் சொல்லுவர். திரையிலுள்ளவரோ, குழந்தை உறங்கினும் அழினும் தம் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே செல்வர். அங்ஙனமாயின் திரையே பகையோவெனின், அன்று. ரோஸ்பெரி என்பாரும் துணைவரும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு வயதுடைய குழந்தைகள், எதிர்மொழி கூறும் மனிதரோடு வீடியோ அழைப்பில் பேசியபோது புதுச் சொற்களைக் கற்றன. முன்னமே பதிந்துவைத்த படத்தினின்று கற்றில. ஆகவே வேறுபாடு கண்ணாடிக்கும் சதைக்கும் உள்ளதன்று. மறுமொழி உண்மைக்கும் இன்மைக்கும் உள்ளதே என்பது பெறப்படும்.

இவ்வழக்கின் முடிவையும் கூறுவோம். இப்படங்கள் கல்வியளிப்பன என்று விளம்பரம் செய்தல் தகாதென்று, குழந்தைகள் நலம் கருதிய ஓர் இயக்கத்தார் 2006ஆம் ஆண்டில் அமெரிக்க வாணிகக் கண்காணிப்புக் கமிஷனிடம் முறையிட்டனர். தண்டனை யாதும் விதிக்கப்படவில்லை. ஆயினும் அவ்விளம்பரங்கள் கைவிடப்பட்டன. 2009ஆம் ஆண்டில் கம்பெனியார், வாங்கினோர் வேண்டின் தட்டு ஒன்றிற்கு 15.99 டாலர் வீதம், நான்கு தட்டுக்கள் வரை பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தனர்.

இன்று அத்தட்டுக்கள் அரியவாயின. அவை இருந்த இடத்தில் கைப்பேசி வந்து அமர்ந்துள்ளது. இஃது அமெரிக்காவோடு நின்ற செய்தியன்று. சோறூட்டும்போது கைப்பேசியில் பாட்டுப் படம் காட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019ஆம் ஆண்டில், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாவென்று அறிவுறுத்தினர். இரண்டாண்டு வரை திரை ஆகாதென்றும், உறவினரோடு எப்போதேனும் பேசும் வீடியோ அழைப்பு மட்டும் விலக்காகுமென்றும் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தார் கூறுவர். மேலே கண்ட ஆராய்ச்சிகளோடு இவ்விலக்கு நன்கு பொருந்துதல் காண்க. வெளியூரிலுள்ள தாத்தா திரையிலே தோன்றினும், பேரன் கைகொட்டினால் அவரும் கைகொட்டுவரன்றோ?

இனி, முற்கூறிய மூன்று விடைகளுக்கு மீள்வோம். ‘அறிவு வளரும்’ என்றாரே, அவர் நம்பிக்கைக்குச் சான்று கிடைக்கவில்லை. ‘குழந்தை மகிழ்கின்றது’ என்றார் கூறியது மெய்யே. ஆயின் மகிழ்ச்சி வேறு, கல்வி வேறு. ‘எனக்குச் சிறிது பொழுது வேண்டும்’ என்றாரே, அவரைப் பலர் பழிப்பர். நாம் பழியோம். மூவருள்ளும் திரை உண்மையிற் செய்யக்கூடிய தொழிலை அறிந்து கூறியவர் அவரே. இடுப்பிற் குழந்தையும் அடுப்பில் உலையுமாக நிற்கும் தாய்க்குக் கால்மணி நேரம் பெரும்பொருள். அவர்க்கு வேண்டுவது அறிவுரையன்று. குழந்தையை வாங்கிக்கொள்ள மற்றோர் இணைக்கை. அக்கை தந்தையுடையதாயினும், பாட்டியுடையதாயினும், அண்டை வீட்டாருடையதாயினும், அங்கே தாய்க்கு ஓய்வும் குழந்தைக்குக் கல்வியும் ஒருங்கே கிடைக்கும்.

இதனைப் படிக்கும் பழைய மாணவருள் பலர் இன்று பெற்றோர். இன்றைய மாணவருள் பலர் நாளைப் பெற்றோராவர். அதற்கு முன்னரே, அண்ணனாகவும் அக்காளாகவும் மாமனாகவும் சித்தியாகவும் வீட்டில் ஒரு குழந்தைக்கு உறவினராய் இருப்பர். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாளில், அக்குழந்தையை எடுத்து மடியில் வைத்து, அது சொல்லும் பொருளற்ற சொல்லுக்குப் பொருளுள்ள மறுமொழி கூறுவாராக. அதற்கு விலையில்லை, விளம்பரமும் இல்லை. குழந்தையின் முதற் கல்லூரி அதுவே.