அலகுச் சோதனைகளில் விதிவிலக்கின் விவரங்களைச் சரிபார்த்தல்

தவறான உள்ளீட்டை நிரல் முறையாக மறுக்கிறதா என ஆராய்வதும் அலகுச் சோதனையின் பணியாகும். மறுப்பின்போது எழும் விதிவிலக்கின் வகையை மட்டும் நோக்கினால், சோதனை பொய்யாக வெற்றி பெறக்கூடும். தமிழ் எண்களைப் படிக்கும் பைத்தான் நிரலைக் கொண்டு இதனை விளக்கலாம்.

பைத்தானின் 'இன்ட்' செயற்கூறு ௧௨ என்பதை 12 என ஏற்கும். பத்தைக் குறிக்கும் ௰ ஒருங்குறியில் பதின்ம இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. ஆதலின் அதற்கு 'வேல்யூ எரர்' எழும். பைட்டுகளைப் படித்து எண்ணாக மாற்றும் செயற்கூறு ௰ குறியை மறுப்பதைச் சோதிக்க, 'அசர்ட் ரெய்சஸ்' வழியாக அவ்வகை விதிவிலக்கை எதிர்பார்ப்பது வழக்கம். ஆனால் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ௰ 3 பைட்டுகளால் ஆனது. சோதனைத் தரவில் இறுதிப் பைட்டு விடுபட்டிருப்பின், எண்ணாக மாற்றும் முன்னரே 'யூனிகோட் டிகோட் எரர்' எழும். அது வேல்யூ எரரின் துணைவகையாதலால் சோதனை வெற்றி பெற்றதாகவே அறிவிக்கப்படும். ௰ பற்றிய விதியோ சோதிக்கப்படாமலே எஞ்சும்.

இதனைத் தவிர்க்க, விதிவிலக்கின் செய்தியையும் 'அசர்ட் ரெய்சஸ் ரீஜெக்ஸ்' கொண்டு ஒப்பிட வேண்டும். செய்தித் தொடர் முழுவதையும் ஒப்பிட்டால், சொல்லமைப்பு சிறிது மாறினும் சோதனை தோல்வியுறும். மறுக்கப்பட்ட ௰ குறி செய்தியில் இடம்பெறுகிறதா என நோக்குவதே போதுமானது. குறியாக்கப் பிழையின் செய்தியில் அக்குறி இடம்பெறாது. எதிர்பார்த்த காரணத்தால்தான் நிரல் மறுத்தது என்பது அப்போதே உறுதிப்படும்.