பேக்கேஜில் எழுதாத சாப்பாடு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை விளம்பரங்களில் இரண்டு படங்கள் இருக்கும்: முன்பு, பின்பு. இரண்டுக்கும் நடுவே அந்த மனிதர் என்ன சாப்பிட்டார், எத்தனை மாத்திரை விழுங்கினார், எத்தனை முறை வாந்தியெடுத்தார் என்பதற்குப் படம் கிடையாது. மருத்துவமனை சொல்லும் ‘பேக்கேஜ்’ தொகையிலும் அது பெரும்பாலும் இருக்காது. ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, ஸ்டேப்ளர், சில நாள் அறை வாடகை எல்லாம் கணக்கில் வரும். டிஸ்சார்ஜுக்கு மறுநாள் தொடங்கி ஆயுள் முழுக்க நீளும் பகுதியை நோயாளிதான் சுமக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

நம் ஊரில் அதிகம் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழாய்போல ஆக்குவார்கள். ‘பைபாஸ்’ என்றால், இரைப்பையின் மேல்புறத்தில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது. ஸ்லீவில் வெட்டி எடுத்ததை மறுபடி வைக்க முடியாது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் இதிலிருந்து முற்றிலும் வேறானது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசும் ஆலோசனை மையம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குச் சாப்பாடு படிப்படியாக மாறும்: தெளிந்த திரவம், கெட்டித் திரவம், மசித்தது, மென்மையானது. ‘திரவ உணவு’ என்று சீட்டில் எழுதியிருந்தால் நம் வீடுகளில் அடுப்பில் ஏறுவது கஞ்சிதான். அரிசிக் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. தெம்புக்கு என்று வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழ், பாக்கெட் ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர் என்று வரிசையாக வரும். பைபாஸ் ஆனவருக்கு இனிப்பு சட்டென்று சிறுகுடலில் இறங்கினால் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி. இதற்கு டம்பிங் என்று பெயர். ஸ்லீவ் ஆனவர்களில் சிலருக்கும் வருவதுண்டு. இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். ரத்தச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், கண் இருட்டும். முதல் வகைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். இரண்டாவது வகையில் கொஞ்சம் சர்க்கரை கொடுத்தாக வேண்டும். வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

வயிறு சுருங்கியதும் சாப்பாட்டின் கணக்கே மாறிவிடும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான மருத்துவப் பரிந்துரை. குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் ஆறோ ஏழோ, 100 கிராம் மீனில் 20, 100 கிராம் பனீரில் 18. இரண்டு முட்டை, 100 கிராம் மீன், 50 கிராம் பனீர், பாலும் தயிருமாக இரண்டு டம்ளர், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு என்று சேர்த்தால்தான் அறுபதைத் தொட முடிகிறது. நாலு வாயில் நிறைந்துவிடும் வயிற்றில் இவ்வளவும் போக வேண்டுமென்றால் ஆறு வேளையாகப் பிரித்தாக வேண்டும். முட்டைகூடத் தொடாதவர்களுக்குப் புரதப் பவுடர் இல்லாமல் ஆரம்ப மாதங்களில் ஒப்பேற்றுவது கடினம். அதன் மாதச் செலவையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

அதனால் இலையில் கை போகும் வரிசையும் மாறுகிறது. மீனோ முட்டையோ பருப்போ முதலில், காய் அடுத்தது, இடமிருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் போக வேண்டும். ஆனால் நாள் முழுக்க மிடறு மிடறாக ஒன்றரை லிட்டராவது குடித்திருக்க வேண்டும். அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். பரோட்டா, உருண்டையாகப் பிசைந்த சோறு, நார் உள்ள கறித்துண்டு எல்லாம் ஆரம்பத்தில் அடைத்துக்கொள்ளும். மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம் அடைப்பதே இல்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இரண்டு வருஷம் கழித்து எடை திரும்ப ஏறுகிறவர்களில் பலருக்கு ஏறுவது இந்த வழியில்தான்.

மருத்துவமனை தரும் உணவு அட்டவணையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ப்ரோக்கோலி சூப், டோஃபு, கிரீக் தயிர் என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ப்ரோக்கோலிக்கு எங்கே போவது? ‘என் வீட்டில் சமைப்பதை வைத்து எழுதிக் கொடுங்கள்’ என்று டயட்டீஷியனிடம் கேளுங்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் அவருடைய சம்பளமும் இருக்கிறது. கூடவே சமைக்கிறவரையும் அழைத்துப் போங்கள். அட்டவணை புரிய வேண்டியது அவருக்கு.

வாந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ஆபரேஷன் ஆனா அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. எப்போதாவது அவசரமாக விழுங்கி ஒருமுறை வாந்தி வருவது வேறு. நாள்கணக்கில் எதுவுமே தங்கவில்லை என்றால் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தீர்ந்தால் மூளை பாதிக்கும்: பொருள்கள் இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தாமதித்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே போகலாம். இந்த நிலையில் பக்கத்து கிளினிக்குக்குப் போனால், சோர்வாக இருக்கிறார் என்று குளுக்கோஸ் டிரிப் ஏற்றிவிடுவார்கள். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றுவது மூளைப் பாதிப்பைத் தீவிரமாக்கும். ‘எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் பி1 ஊசி போடுங்கள்’ என்ற வாக்கியத்தை நோயாளி மட்டுமல்ல, வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். முதல் சில வாரங்களில் காய்ச்சல், ஓயாத வேகமான நாடித்துடிப்பு, இடது தோளில் வலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். தையல் கசிவோ ரத்தக்கட்டோ காலை வரை காத்திருக்காது.

மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடரும்: பல்வகை வைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை வீண். பி12 குறைவு உடனே தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தியவருக்கு ஓரிரு வருஷம் கழித்து உள்ளங்கால் மரத்துப்போகும். முதல் வருஷம் 3, 6, 12 மாதங்களில் ரத்தப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும்; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும்.

பழைய மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடர்வது இன்னொரு ஆபத்து. பைபாஸுக்குப் பின் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கலாம். இன்சுலினையும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையும் குறைக்காவிட்டால் மயங்கி விழ நேரிடும். எந்த அளவு என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கும்; சிகரெட்டும் அப்படியே. மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. இதைக் குடும்பத்தார் முன்னால் சொல்ல மருத்துவர்கள் கூச்சப்படுகிறார்கள். தனியாகவாவது சொல்லியாக வேண்டும்.

பெண்களுக்கு எடை இறங்கியதும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கலாம். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்கிறது மருத்துவம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறை பற்றிப் பேசிவிட வேண்டும். பின்னாளில் கர்ப்பமானால், தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். பைபாஸ் ஆனவர் அதைக் குடித்தால் டம்பிங் வரலாம். நர்ஸிடம் முன்பே சொன்னால், அதற்குப் பதிலாக ஒரு வாரம் விரலில் குத்திப் பார்க்கும் முறை உண்டு.

இனி பணமும் சட்டமும். சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். தனியாருக்குப் போகும் முன் அங்கே விசாரிக்கலாம். காப்பீட்டில், அந்தத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்த நான்கு நிபந்தனைகளும் பொருந்தினால் ‘உடல் பருமன் சிகிச்சை’ என்ற விலக்கைக் காட்டி மறுக்க முடியாது: மருத்துவர் பரிந்துரை, மருத்துவ நெறிமுறைகளின் ஆதரவு, வயது 18 நிறைவு, பிஎம்ஐ (உடல் நிறைக் குறியெண்) 40 அல்லது அதற்கு மேல். பிஎம்ஐ 35-க்கு மேல் 40-க்குள் என்றால், மற்ற வழிகள் பலிக்காமல் போய், கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவற்றில் ஒன்றும் இருக்க வேண்டும். காத்திருப்புக் காலம் முடிந்ததா என்பதையும் பாலிசியில் பாருங்கள். எடை குறைந்தபின் தொங்கும் தோலை அகற்றுவதை அழகு சிகிச்சை என்று சொல்லிப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஐஆர்டிஏஐயின் இலவச எண் 155255.

ஒப்புதல் படிவம் வெறும் சம்பிரதாயம் அல்ல. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்றது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்றும் சொன்னது. ஸ்லீவுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, அவசரத் தேவை எதுவும் இல்லாமல் பைபாஸ் செய்தால் கேள்வி கேட்கலாம். ஆயுள் முழுக்க மாத்திரை என்பதை யாருமே சொல்லவில்லை என்றாலும் கேட்கலாம்.

உள்நோயாளி மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதி. மூன்றாண்டுதான் பாதுகாக்க வேண்டிய கட்டாயம் என்பதால், பிரச்சினை இல்லாதபோதே ஆபரேஷன் குறிப்பு உட்பட முழுப் பிரதியை வாங்கிவிடுவது நல்லது. நாளைக்கு வேறு ஊரில் வயிற்று வலி என்று போனால், உள்ளே என்ன வெட்டி எங்கே இணைத்திருக்கிறது என்று அந்த மருத்துவருக்குத் தெரிய வேண்டுமே. கவனக்குறைவு என்று தோன்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். எங்கே போனாலும் தாள்தான் பேசும்: பேக்கேஜ் நோட்டீஸ், உணவு அட்டவணை, மாத்திரை பில், ‘வாந்தி நிற்கவில்லை’ என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப், அதற்கு வந்த பதில். போன் மாற்றும்போது அதையெல்லாம் அழித்துவிடாதீர்கள்.