பாட்டியின் சமையலறையில் 214 காலடிகள்

பாட்டி வழுக்கி விழுந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ‘ஹெட்போன்’ மாட்டிக்கொண்டு, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய பாடவேலையைச் செய்துகொண்டிருந்தேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தங்கை வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

சிராங்கூன் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வீராசாமி ரோட்டில் எங்கள் வீவக வீடு. பழைய புளோக்குகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. சமையலறையின் கடைசியில் குளியலறை, அதன் வாசலில் ஒரு சிறிய படி, பக்கத்தில் சலவை இயந்திரம். அப்பாவின் சீருடைச் சட்டைகளின் கழுத்துப் பட்டையையும் தம் புடவைகளையும் பாட்டி இயந்திரத்தில் போடமாட்டார். கையால் அலசி, வாளியில் போட்டு, சன்னலுக்குக் கொண்டுபோவார். அன்று வாளியிலிருந்து சொட்டிய தண்ணீரில் அவரே கால் வைத்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

அப்பா பேருந்து ஓட்டுநர். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிவிடுவார். அம்மா தாதி. பகல், இரவு என்று வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன், தங்கை உயர்நிலை மூன்று. வீட்டை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர் 74 வயதுப் பாட்டி என்பது அவர் கையில் கட்டு விழுந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

பார்க்க வந்த அத்தை ஆறுதலாகச் சொன்னார்: “கவலைப்படாதீங்க அண்ணி, அதான் பொண்ணு இருக்காளே, பாத்துக்குவா.”

அம்மா என்னைப் பார்த்தார். “அவளுக்கு வர்ற வாரம் பரீட்சை. இவனுக்கு ரெண்டு நாள்தான் வகுப்பு. இவன் பாத்துக்குவான்.”

இப்படித்தான் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. விரும்பி ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் தங்கை சிரிப்பாள்.

முதல் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாதம் இரண்டு முறை குழைந்தது, ஒரு முறை அரைவேக்காடு. அப்பாவின் சீருடை காயாமல் ஈரத்தோடு போனது. பாட்டி ஒற்றைக் கையோடு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எனக்கு வேலை கடினமாகத் தெரியவில்லை, அலைச்சல்தான் தாங்கவில்லை. அரிசிப் பானை கழுவு தொட்டிக்குக் கீழே. அரிசி அளக்கும் குவளை எதிர்ப்பக்க அலமாரியில். குக்கர் மேல்தட்டில், முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். தேயிலைத் தூள் வரவேற்பறை அலமாரியில் இருந்தது. ஏன் அங்கே என்று கேட்டேன். முஸ்தஃபாவில் மலிவாகக் கிடைத்ததென்று எப்போதோ ஆறு பொட்டலம் வாங்கியபோது சமையலறையில் இடமில்லையாம். அன்றிலிருந்து தேயிலையின் முகவரி அதுவாகிவிட்டது.

கல்லூரியில் செயல்பாட்டு நிர்வாகப் பாடத்தில் ஃபிராங்க் கில்பிரத், லில்லியன் கில்பிரத் தம்பதியைப் பற்றிப் படித்திருந்தேன். செங்கல் அடுக்கும் கொத்தனாரின் ஒவ்வோர் அசைவையும் கவனித்து, 18 அசைவுகளில் நடந்த வேலையை ஐந்துக்கும் குறைவான அசைவுகளில் முடிக்கலாம் என்று காட்டியவர் ஃபிராங்க். தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி அது. பாடநூல் சொல்லாமல் விட்ட மீதிக் கதையை இந்த ஆறு வாரத்தில் தேடிப் படித்தேன்.

ஃபிராங்க் 1924ல் இறந்துவிட்டார். லில்லியன் தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பிறந்தவை மொத்தம் 12 குழந்தைகள். பெண் பொறியியலாளரிடம் ஆலோசனை கேட்க அன்றைய நிறுவனங்கள் தயங்கின. அவர் தம் கவனத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். 1920களின் கடைசியில் புரூக்ளின் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக அவர் வடிவமைத்த சமையலறையில், ஸ்ட்ராபெரி கேக் செய்ய எடுத்துவைக்கும் காலடிகள் 281லிருந்து 45 ஆகக் குறைந்தனவாம். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டிக்கும் குளிர்பதனப் பெட்டிக் கதவின் உள்தட்டுகளுக்கும் இன்றுவரை அவர் பெயரைச் சொல்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அவருக்குச் சமையல் அவ்வளவாக வராதாம். எனக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.

தங்கையிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். ஒரு நாள் காலை நான் தேநீர் போட்டு, தோசை சுட்டு, சட்னி அரைத்து முடிக்கும்வரை என் காலடிகளை எண்ணினாள். 214. நான்கு மீட்டர் நீளம்கூட இல்லாத சமையலறையில் 214 காலடிகள்!

அந்தச் சனிக்கிழமை இடம் மாற்றும் வேலையில் இறங்கினோம். நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. ஒரு பொருளை முதலில் எங்கே பயன்படுத்துகிறோமோ, அது அங்கேயே இருக்க வேண்டும். அளவுக் குவளை அரிசிக்குள்ளேயே போனது. குக்கர் அடுப்புக்குக் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. தேயிலை, சீனி, வடிகட்டி, குவளைகள் எல்லாம் ஒரே தட்டில், கெண்டிக்குப் பக்கத்தில். தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் முறுக்கு அச்சும் பெரிய உருளியும் மேலே போயின. தினமும் தொடும் எதற்கும் முக்காலி தேவைப்படக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அடுத்த வாரம் எண்ணியபோது 96.

சமையலையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். குக்கரில் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கிறது, அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. இது உயர்நிலைப் பள்ளி அறிவியல். விசில் வந்துவிட்டால் உள்ளே வெப்பம் அதற்கு மேல் ஏறாது என்பதை மட்டும் நான் யோசித்துப் பார்த்ததில்லை. தீயைக் குறைத்தாலும் அதே நேரத்தில்தான் வேகும். எரிவாயு மிச்சம், அடுப்பு மேடை முழுக்கப் பருப்புத் தண்ணீர் பீய்ச்சுவதும் இல்லை. இரண்டு நாளைக்கான பருப்பை ஒரேயடியாக வேகவைத்து, ஆறியதும் தாமதிக்காமல் பாதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன்.

தேங்காய் துருவுவதை நிறுத்தினேன். தேக்கா சந்தையில் கண்ணெதிரே துருவித் தருகிறார்கள். அதைச் சிறு பொட்டலங்களாக உறையவைத்துவிட்டால் வாரம் முழுக்கச் சட்னிக்குக் கவலையில்லை. மாவையும் கடையில் வாங்கலாம் என்றேன். அப்போதுதான் பாட்டி வாயைத் திறந்தார். “கடை மாவா? கை ஒடிஞ்சா நாக்கும் ஒடிஞ்சு போச்சா?” ஆக, வாரம் ஒரு முறை கிரைண்டர் ஓடியது. நம் ஊர் வெப்பத்துக்கு இரவு வெளியே வைத்தால் காலைக்குள் மாவு பொங்கிவிடும். அதன்பின் உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறந்துவிட்டுக் கல்லூரிக்குப் போன ஒரு நாள் சமையலறை மேடை இருந்த கோலத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

துணி விஷயத்தில் எனக்கும் பாட்டிக்கும் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. சமையலறை சன்னலுக்கு வெளியே உள்ள குழாய்களில் மூங்கில் கழியைச் செருகிக் காயப்போடுவதுதான் எங்கள் வழக்கம். ஈரத்துணி கோத்த கழியைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. 19 வயதில் எனக்கே தோள் வலித்தது. இதை 74 வயதில் தினமும் செய்துகொண்டிருந்தார். இனி கையால் அலசியதும் ஒரு முறை இயந்திரத்தில் சுழற்றிப் பிழிவது, கழியை நானோ அப்பாவோதான் தூக்குவது என்று முடிவானது. தரையில் தண்ணீர் சொட்டுவது அதோடு நின்றது. பயன்படுத்தாத நேரத்தில் அந்தக் குழாய்களை மூடிவைக்கும்படி தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லிவருவது நினைவுக்கு வந்து, மூடிகளும் வாங்கி மாட்டினேன். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் போதும்.

இவ்வளவும் செய்து முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். நான்காவது வாரம் பாட்டி சொன்ன ஒரு பழைய கதை அதைக் கலைத்துவிட்டது.

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955ல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் இந்த இயந்திரம் வருவதற்கு முன் எப்படி மாவரைத்தீர்கள் என்று கேட்டேன். “ஆட்டுக்கல்லுதான். நான் குழவியைச் சுத்துவேன். உங்க அப்பா எதிர்ல உக்காந்து மாவைத் தள்ளிவிடுவான். வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே தள்ளுவான். மிளகாய், மல்லியை கஃப் ரோட்டு மில்லுக்குத் தூக்கிட்டுப் போறது உங்க தாத்தா வேலை. கிரைண்டர் வந்துச்சு, பொட்டலத்துல மசாலா வந்துச்சு, அவங்க ரெண்டு பேரும் எழுந்து போயிட்டாங்க. நான் மட்டும் இங்கேயே நிக்கிறேன்.”

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ல் எழுதிய ஒரு நூல் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ‘அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை’ என்பது அதன் தலைப்பின் பொருள். விறகு வெட்டுவது போன்ற ஆண்கள், பிள்ளைகளின் வேலைகளைப் புதிய சாதனங்கள் எடுத்துக்கொண்டன, வீட்டுப் பெண்ணின் வேலை மட்டும் குறையவில்லை என்பது அவர் வாதம். பாட்டி அந்த நூலைப் படித்ததில்லை. அவர் ஆட்டுக்கல்லிலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

1926ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ‘ஃபிராங்ஃபர்ட் சமையலறை’யும் நினைவுக்கு வந்தது. அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதைக் கட்டினார்கள். காலடிகளைக் குறைத்த அந்தக் குறுகிய அறையில் இன்னொருவர் சேர்ந்து நிற்க வசதியில்லை என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. நானும் எங்கள் சமையலறையை ஓர் ஆள் நிற்பதற்குத்தான் சரிசெய்திருக்கிறேன் என்று அன்று புரிந்தது.

அதோடு, காலடியில் வராத வேலை ஒன்றும் இருந்தது. உப்பு தீரப்போகிறது, அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை நான்கு நாளைக்குத்தான் வரும், தங்கையின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். இவை எல்லாம் பாட்டியின் தலைக்குள் இருந்தன. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் எல்லாரும் கலந்துகொள்கிறார்கள், முதலாவதும் கடைசியும்தான் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன என்கிறார். எங்கள் வீட்டில் நான்குமே பாட்டிதான்.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். யார் ‘உதவுவது’ என்று அதில் எழுதவில்லை, எது யாருடையது என்று எழுதினோம். மாத்திரை அப்பாவுடையது. வாங்கவேண்டிய மளிகையை நினைவில் வைப்பது என்னுடையது. துணி தங்கையும் நானும் வாரம் மாற்றி. தாள் வந்த முதல் பத்து நாளில் மாத்திரை ஒரு முறை தீர்ந்துபோனது. அம்மா வாங்கப் புறப்பட்டார். பாட்டி, “அது அவன் வேலை, உக்காரு” என்றார். அப்பா போய் வாங்கிவந்தார்.

குளியலறைதான் பாக்கி இருந்தது. மூத்தோர் இருக்கும் வீடுகளுக்கு வீவகவின் ‘ஈஸ்’ திட்டம் 2012 முதல் இருக்கிறது. கைப்பிடிகள் பொருத்தித் தருகிறார்கள், குளியலறைத் தரை வழுக்காதபடி செய்து தருகிறார்கள், படி உள்ள இடத்தில் சரிவுப்பாதை கேட்கலாம். 65 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் உள்ள குடும்பங்களுக்கு வீட்டின் அளவைப் பொறுத்துச் செலவில் 95 விழுக்காடு வரை மானியம் கிடைக்கிறது. பாட்டி ஒன்பது ஆண்டுகளாகத் தகுதி பெற்றிருந்தார். நாங்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

இப்போது விண்ணப்பிக்கலாம் என்றால் பாட்டி சம்மதிக்கவில்லை. “கம்பியைப் புடிச்சிக்கிட்டுக் குளிக்க நான் என்ன நோயாளியா?” இரண்டு நாள் இதே பேச்சு. கடைசியில் அம்மாதான் வழி கண்டார். இரவு வேலை முடித்து வந்து, குளியலறைப் படியில் உட்கார்ந்து, “எனக்கே முட்டி வலிக்குது அத்தை. எனக்காகப் போடலாமா?” என்று கேட்டார். அது பொய்யா உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. கைப்பிடி வந்துவிட்டது.

சென்ற வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி நேராகச் சமையலறைக்குப் போனார். நான் அடுக்கிவைத்ததை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். அஞ்சறைப் பெட்டிக்குக் கை நீட்டினார், எட்டவில்லை. “என் உயரத்தைக் கணக்குல சேக்கலையே ஐயா” என்றார். பெட்டியை ஒரு தட்டு கீழே இறக்கி வைத்தேன்.

பிறகு வாசலில் இருந்த நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெங்காயத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். இடக் கையால் மெதுவாக உரித்தபடி எனக்கும் அப்பாவுக்கும் வேலை சொல்ல ஆரம்பித்தார். தங்கை பழக்கத்தில் நோட்டை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எத்தனைடி?” என்றார் பாட்டி.

“அண்ணன் 61. அப்பா 48, வழி தெரியாம சுத்துறாரு. நீங்க பூஜ்யம்.”

“எழுதி வை,” என்றார் பாட்டி.